கஞ்சன் வீட்டு ரோஜா

மார்ச் 3
ஜாக் பென்னி பத்தி அவர் மனைவி மேரி எழுதின புத்தகத்த (1978ல வந்தது) ஒருவழியா ஆரம்பிச்சாச்சு. பழைய அமெரிக்க ரேடியோ காமெடி கேக்குறவங்களுக்கு இந்தாளு மகா கஞ்சன், எத்தன வருஷம் போனாலும் வயசு 39தான், வயலின எடுத்தா நம்ம காது காலி. எல்லாம் வேஷம்னு தெரியும், ஆனா கூட இருந்தவங்க என்ன சொல்றாங்கன்னு ஒரு குறுகுறுப்பு. பொண்டாட்டி எழுதினா கொஞ்சம் வெள்ளையடிப்பு இருக்கத்தான் செய்யும், பாப்போம்.

மார்ச் 5
மேரி நடிகையே இல்லங்க! லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு பெரிய கடையில ஸ்டாக்கிங்ஸ் வித்துட்டு இருந்தவங்க, 1927ல கல்யாணம். 1932ல ஒருநாள் ரேடியோவுக்கு வரவேண்டிய நடிகை வரல, இவர் மனைவிய புடிச்சு மைக் முன்னாடி நிறுத்திட்டார். ஜாக்கோட ரசிகை, பேரு மேரி லிவிங்ஸ்டன், அவ்ளோதான் கேரக்டர். அது ஹிட்டாகி, சேடி மார்க்ஸ்ங்கற நிஜப்பேரு போயி மேரியே நிலைச்சிடுச்சு. ஆனா மைக்னாலே பயமாம், வருஷம் போகப்போக அது குறையல, ஜாஸ்திதான் ஆச்சு, கடைசில தன்னோட டயலாக்க வீட்லயே டேப்ல பதிஞ்சு அனுப்புற அளவுக்கு. அத்தன நக்கலா அவர வாருற குரலுக்குப் பின்னாடி இவ்ளோ நடுக்கம் இருந்திருக்குன்னு நான் நெனச்சே பாக்கல.

மார்ச் 6
படிக்கல. 1948 திருடன் காமெடிய மறுபடி போட்டுக் கேட்டேன். பணமா உயிரான்னு திருடன் கேக்குறான், ஜாக் கிட்டேர்ந்து சத்தமே இல்ல, ஜனம் சிரிக்க ஆரம்பிச்சிடுது. அவன் மறுபடி அதட்டினதும் "யோசிச்சிட்டுதான்யா இருக்கேன்!"ங்கறார். மூஞ்சி தெரியாத ரேடியோவுல சும்மா இருந்தே சிரிக்க வைக்கிறதுன்னா, பல வருஷமா கஞ்சன்னு ஊரையே நம்ப வச்சிருந்ததாலதான் முடிஞ்சுது.

மார்ச் 9
முடிச்சாச்சு. ஜாக் போனது 1974 டிசம்பர் 26, கேன்சர், வயசு 80. மறுநாள்லேர்ந்து மேரி வீட்டுக்கு தெனமும் நீளக் காம்போட ஒரே ஒரு சிவப்பு ரோஜா வந்திருக்கு. யாரு அனுப்புறான்னு விசாரிச்சா, மேரி இருக்குறவரைக்கும் அனுப்பணும்னு ஜாக் முன்னாடியே ஏற்பாடு பண்ணிட்டுப் போயிருக்கார். இதுல வெள்ளையடிக்க என்ன இருக்கு, போங்க.

மேரி போனது 1983 ஜூன் 30. உக்காந்து கணக்கு போட்டேன், 3,100 பூவுக்கு மேல வருது. ரேடியோ ஜாக்கா இருந்தா, மொத்தமா எடுத்தா எவ்ளோ கொறைப்பேன்னு பூக்கடைக்காரன உண்டு இல்லன்னு பண்ணிருப்பார்.