பெருங்குடல் இல்லாமல் ஓடுகிறவளின் உப்புக் கணக்கு

பெருங்குடலை எடுத்துவிட்டு உள்ளேயே சிறுகுடலால் ஒரு பை (பவுச்) வைத்துக்கொண்ட பிறகு நீண்ட தூரம் ஓட முடியுமா என்று கேட்கிறவர்கள் எல்லாரும் வயிற்றைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். தையல் பிரிந்துவிடுமா, குலுங்கினால் உள்ளே ஏதாவது ஆகுமா, பாதி வழியில் வந்துவிட்டால் என்ன செய்வது. காயம் நன்றாக ஆறி, ஆபரேஷன் செய்த மருத்துவர் ஓடலாம் என்று சொன்ன பிறகு, குலுங்குவதால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னைப் படுத்தி எடுத்தது உப்பு. இன்றைக்கும் அதுதான்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. எனக்கு இருந்தது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடலின் உள்சுவர் புண்ணாகிப்போகிற நோய். மருந்துக்கு மசியவில்லை என்றதும் பெருங்குடலையும் மலக்குடலையும் எடுத்துவிட்டு, சிறுகுடலின் கடைசிப் பகுதியை ஜே எழுத்து போல மடித்துத் தைத்து, பையாக்கி, ஆசனவாயோடு இணைத்தார்கள். 1978இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பார்க்ஸும் நிக்கல்ஸும் எஸ் வடிவத்தில் இப்படி ஒரு பையைச் செய்து காட்டினார்கள், 1980இல் ஜப்பானின் உட்சுனோமியா அதை ஜே வடிவத்துக்குக் கொண்டுவந்தார், இப்போது பெரும்பாலும் ஜேதான். இரண்டு அல்லது மூன்று ஆபரேஷனாகச் செய்வார்கள். நடுவில் சில மாதம் வயிற்றில் வெளிப்பை இருக்கும், அப்புறம் அதையும் மூடிவிட்டால் தழும்பு தவிர வெளியே எதுவும் தெரியாது.

எதுவும் தெரியாததுதான் எங்கள் ஆச்சிக்குப் பெரிய சந்தேகம். நான் ஷூ மாட்டும்போதெல்லாம், "ஏட்டி, கொடலே இல்லாம எதுக்குட்டி இந்த ஓட்டம் ஓடுத?" என்பாள். சிறுகுடல் இருக்கு ஆச்சி என்றால், "அப்பம் அதையாவது பத்திரமா வச்சுக்க."

சரி, உப்புக்கு வருகிறேன். சாதாரண ஆளுக்குச் சிறுகுடலைத் தாண்டி ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் அளவுக்குத் திரவம் பெருங்குடலுக்குப் போகும். பெருங்குடல் அதில் ஏறக்குறைய எல்லாவற்றையும், கூடவே உப்பையும், உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிடும். அந்த உறுப்பு இல்லாதவளுக்குச் சிறுகுடல் ஓரளவுக்கு அந்த வேலையைப் பழகிக்கொள்கிறதே தவிர முழுசாக இல்லை, ஒவ்வொரு தடவை கழிப்பறைக்குப் போகும்போதும் தண்ணீரும் சோடியமும் சேர்ந்தே போகின்றன. அதாவது வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நான் கொஞ்சம் காய்ந்துதான் இருக்கிறேன். இதற்கு மேல் பாளையங்கோட்டை வெயிலில் வியர்வை.

ஓட ஆரம்பித்த புதிதில் கெண்டைக்காலில் இழுப்பு, மத்தியானம் தலைசுற்றல், அந்தி வரைக்கும் எதையோ தொலைத்த மாதிரி ஓர் அசதி. பக்கத்தில் ஒரு மருத்துவரிடம் காட்டினால் "நல்லா தண்ணி குடிங்கம்மா" என்றார். குடித்தேன். குடித்ததெல்லாம் நேராக பவுச்சுக்குப் போனது, இழுப்பு அப்படியே இருந்தது. ரத்தப் பரிசோதனையில் சோடியம் நார்மல் என்று வந்தது, அதைப் பார்த்து அவர் நிம்மதியாகிவிட்டார், நான் ஆகவில்லை. ஆபரேஷன் செய்த சர்ஜன்தான் சிறுநீரில் சோடியம் பார்க்கச் சொன்னார். அது லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், உப்பு போதாமல் சிறுநீரகம் ஒரு துளி விடாமல் இழுத்துப் பிடிக்கிறது என்று அர்த்தம். ரத்தத்தில் அளவு சரியாக இருக்கும்போதே உடம்பு இப்படித் தவிக்கலாம். பவுச் இருக்கிற, ஓடுகிற யாராக இருந்தாலும் இந்த ஒரு பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள் என்பேன்.

சிறுகுடல் சோடியத்தை உள்ளே இழுப்பதற்குக் குளுக்கோஸ் துணை வேண்டும், இரண்டும் ஒன்றாகத்தான் உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீர் போகும். பேதிக்குக் கொடுக்கிற உப்பு சர்க்கரைக் கரைசலான ஓஆர்எஸ் வேலை செய்வது இப்படித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2002 கணக்குப்படி ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. மெடிக்கலில் கிடைக்கும் பொட்டலத்தில் இந்த அளவு இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்குங்கள். அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் பல நாளாக ஓஆர்எஸ் என்ற எழுத்தைப் போட்டுக்கொண்டு விற்றன, ஹைதராபாத்தில் ஒரு குழந்தை மருத்துவர் வருடக்கணக்கில் சண்டை போட்ட பிறகு 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்றது. சர்க்கரை அதிகமானால் குடலுக்குள் தண்ணீர் இன்னும் இறங்கும், எங்களுக்கு அது நேர் எதிரி.

இதில் எனக்கு வருத்தமான விஷயம் பதநீர். திருச்செந்தூர் ரோட்டோரம் பட்டையில் ஊற்றிக் கொடுப்பார்களே, அது. அதில் சர்க்கரை நூற்றுக்குப் பத்துக்கு மேல், ஓஆர்எஸ்ஸில் ஒன்றரைகூட இல்லை. ஓடிக் களைத்து வந்து ஒரு பட்டை குடித்தால் அடுத்த ஒரு மணி நேரம் எனக்கு எங்கே கழியும் என்று சொல்ல வேண்டியதில்லை. இளநீரில் பொட்டாசியம்தான் நிறைய, சோடியம் குறைச்சல், ஒரு சிட்டிகை உப்பு போட்டால் தேவலை. மோர், உப்பு தூக்கலாக, அதுதான் என் பானம். நீத்தண்ணியும் அப்படித்தான், காலையில் பழைய சோற்றைப் பிழிந்து உப்புப் போட்டுக் குடித்துவிட்டு வயலுக்குப் போனவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

முந்தின நாள் சாப்பாடு: வெள்ளைச் சோறு, மோர், உருளைக்கிழங்கு, இட்லி. பனங்கிழங்கு என்றால் எனக்கு உயிர், ஆனால் அந்த நார் குடல் ஒட்டியிருக்கிற இடத்தில் சிக்கினால் நேராக ஆஸ்பத்திரிதான், அதனால் தொடுவதில்லை. சொதிச் சாப்பாடு கல்யாண வீட்டில் மட்டும், மறுநாள் ஓட்டம் இல்லை என்றால் மட்டும். பேதியைக் கட்டுப்படுத்தும் லோபரமைடு மாத்திரையைச் சர்ஜன் சொன்ன அளவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடுகிறேன், நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

யாரும் பேசாத இன்னொன்று, எரிச்சல். பித்தமும் செரிமான நீரும் பாதி உயிரோடு வெளியே வருகின்றன, அதில் வியர்வை உப்பும் உராய்வும் சேர்ந்தால் பத்தாவது கிலோமீட்டரில் கண்ணில் தண்ணீர் வரும். கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஜிங்க் ஆக்ஸைடு கிரீமைக் கெட்டியாகப் பூசிக்கொண்டுதான் கிளம்புவேன். குழந்தைகளுக்கு டயபர் போட்டுப் புண்ணானால் தடவுவது. முதல் தடவை வாங்கப் போனபோது மெடிக்கல் அண்ணாச்சி, "பிள்ளைக்கு எத்தன மாசம்மா?" என்று கேட்டார். எனக்கு நாற்பத்தி மூணு வயசு அண்ணாச்சி என்றேன். மறுபேச்சு இல்லாமல் பெரிய டியூபை எடுத்துக் கொடுத்தார். நல்ல மனுசன்.

கழிப்பறை பயம் நியாயமானதுதான், ஆனால் நோய் இருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது சொர்க்கம். கொலைட்டிஸ் வந்தால் இரண்டு நிமிஷம் அடக்க முடியாது, வண்ணார்பேட்டை சிக்னலில் பஸ்ஸுக்குள் நான் அழுதிருக்கிறேன். பவுச்சில் நாளைக்கு ஐந்தாறு தடவை போக வேண்டியிருந்தாலும், வருகிறது என்று தெரிந்த பிறகு அரை மணி நேரம் தள்ளிப்போட முடிகிறது. அரை மணி நேரத்தில் நான் நாலு கிலோமீட்டர் ஓடிவிடுவேன். அதனால் கிருஷ்ணாபுரம் பக்கம் போகும்போது பெட்ரோல் பங்க்குகளை மனசில் குறித்து வைத்திருக்கிறேன், வீட்டுக்காரரும் ஸ்கூட்டரில் மோர் பாட்டிலோடு பின்னால் வருவார், செல்போனைப் பார்த்துக்கொண்டு. ஆண்கள் ஒதுங்குகிற உடைமரத்துப் பக்கம் நான் ஒதுங்க முடியாதே, அதனால் பாதையை முடிவு செய்வது தூரம் இல்லை, கதவுள்ள கழிப்பறை. கதவு இல்லாத பகுதி என்றால் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வருவதே மேல்.

பவுச்சில் அழற்சி வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். பவுச் வைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு தடவையாவது வருகிறது, ஆன்டிபயாடிக் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். காய்ச்சலோடு ஓடி வீரம் காட்ட வேண்டியதில்லை. பி12 வைட்டமின் அளவை வருடத்துக்கு ஒரு முறை பாருங்கள், அதை உறிஞ்சுகிற கடைசிச் சிறுகுடல்தான் இப்போது பையாக இருக்கிறது.

நீண்ட ஓட்டமெல்லாம் எனக்கு மார்கழியிலிருந்து மாசி வரைக்கும்தான். பங்குனி பிறந்தால் தூரத்தைப் பாதியாக்கிவிடுவேன், அக்னி நட்சத்திரத்தில் ஓடவே மாட்டேன். ஓட்டப் பந்தயம் நடத்துகிறவர்கள் வழியெங்கும் வெறும் தண்ணீர்தான் வைக்கிறார்கள், கேட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார்கள். அதுவரைக்கும் இடுப்புப் பட்டையில் இரண்டு ஓஆர்எஸ் பொட்டலம் என் கணக்கில்.