இனிஷியலில் சிக்கும் பி.எஃப். பணம்

திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் வேலையை விட்டு நின்ற பெண்கள் பி.எஃப். பணத்துக்கு மனுப் போட்டால், ‘ரிஜெக்ட்’ என்று திரும்பி வருவது அடிக்கடி நடக்கிறது. பணம் கட்டியிருப்பார்கள், கணக்கும் சரியாக இருக்கும். பெயர்தான் ஒத்துப்போயிருக்காது.

தமிழ்ச்செல்வி என்ற ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். அப்பா மாரிமுத்து. பள்ளி டி.சி.யில் ‘எம்’ முன்னால் நிற்கும், பேங்க் பாஸ்புக்கில் பின்னால். ஆதாரில் இனிஷியலே இருக்காது. பான் கார்டில் இனிஷியலை ஏற்க மாட்டார்கள் என்பதால் அப்பா பெயர் முழுசாக ஏறியிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ரேஷன் கார்டில் கணவர் சுப்பிரமணியின் ‘எஸ்’. இதோடு ஆங்கில எழுத்துக்கூட்டலும் சேர்ந்துகொள்கிறது. முதல் எழுத்து ‘டி’ மட்டுமா, ‘டி எச்’சா? ழகரத்துக்கு ‘எல்’லா, ‘இசட் எச்’சா? தமிழுக்கும் செல்விக்கும் நடுவே இடம் விடுவதா, வேண்டாமா? தமிழில் ஒரே பெயர். ஆங்கிலத்தில் எழுதினால் ஏழெட்டு பெயர்.

பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை விட்டுவிடச் சொல்லி 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. சாதி தெரியாமல் வெறும் இனிஷியலோடு ஒருவரால் இன்று வேலைக்கு வர முடிகிறதென்றால், அது பல பேர் போராடிப் பெற்றது. ‘குடும்பப் பெயரைச் சேர்த்தால் பிரச்சினை தீருமே’ என்று சொல்வது அதனால் ஏற்க முடியாத யோசனை. மாற வேண்டியது பெயர் வைக்கும் வழக்கம் அல்ல, பெயரைப் பதிகிற வழக்கம்.

தப்பு விழுகிற இடம், கம்பெனியில் ஆள் சேர்ப்பையும் வருகையையும் பதிகிற டைம் ஆபீஸ். ஒரே நாளில் முப்பது பேர் சேர்வார்கள். சூப்பர்வைசர் வாயால் சொன்ன பெயர்களை கிளார்க் தாளில் குறித்து, இரவு மொத்தமாக கம்ப்யூட்டரில் ஏற்றுவார். மாதாமாதம் 15-ஆம் தேதிக்குள் பணம் கட்டாவிட்டால் நிர்வாகத்துக்கு 12 சதவீத வட்டியும் அபராதமும் உண்டு என்பதால் அந்தத் தேதியை யாரும் மறப்பதில்லை. பெயரைத் தப்பாக எழுதினால் நிர்வாகத்துக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. முழு நஷ்டமும் தொழிலாளியின் தலையில்தான் விழுகிறது. கிளார்க்கின் கவனக்குறைவை விட இந்த ஏற்பாடுதான் எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது.

நஷ்டம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பி.எஃப். கணக்கில் சம்பளம் 10,000 ரூபாய் என்றால் தொழிலாளி பங்கு 12 சதவீதம், 1,200 ரூபாய். நிர்வாகமும் 1,200 கட்டும். அதில் 833 ரூபாய் பென்ஷனுக்குப் போகும், மீதி 367 பி.எஃப். கணக்கில் சேரும். மாதப் பென்ஷன் கிடைக்க 10 ஆண்டு பணிக்காலம் வேண்டும். ஒரு பெண் மில்லில் 6 ஆண்டு, பனியன் கம்பெனியில் 5 ஆண்டு வேலை பார்க்கிறார். எத்தனை கம்பெனி மாறினாலும் ஒரு தொழிலாளிக்கு ஒன்றே இருக்க வேண்டிய பி.எஃப். எண்தான் யு.ஏ.என். எழுத்து மாறியதால் அவருக்கு இரண்டு யு.ஏ.என். எண்கள் விழுந்துவிட்டால், இரண்டிலுமே 10 ஆண்டு இல்லை; பென்ஷன் கிடையாது. இரண்டும் ஒன்றாகியிருந்தால் 10,000-ஐ 11-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்து, 58 வயதிலிருந்து மாதம் சுமார் 1,571 ரூபாய் சாகும்வரை வரும்.

ஒன்றாக்க முடியும். ஆனால் வரிசை தப்பக் கூடாது. முதலில் ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் சரிதானா என்று பார்க்க வேண்டும். தப்பென்றால் அதைத்தான் முதலில் திருத்த வேண்டும். அடுத்து இரண்டு யு.ஏ.என்.களிலும் ஆதாரில் உள்ளபடியே பெயரை மாற்ற வேண்டும். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு ஆதாரோடு வாங்கிய எண் என்றால் பெரும்பாலான திருத்தங்களைத் தொழிலாளியே ஆன்லைனில் செய்துகொள்ளலாம். அதற்கு முந்தைய எண் என்றால் ஜாயின்ட் டிக்ளரேஷனுக்கு, அதாவது தொழிலாளியும் நிர்வாகமும் சேர்ந்து தரும் திருத்த மனுவுக்கு, பழைய நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும். மில் மூடியிருந்தாலோ, கான்ட்ராக்டர் ஊரை விட்டே போயிருந்தாலோ அலைச்சல்தான். பிறகு பழைய கம்பெனியில் ‘விலகிய தேதி’ ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிர்வாகம் போடாவிட்டால், கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் கழிந்ததும் தொழிலாளியே போடலாம். 20-ஆம் தேதி புது வேலையில் சேர்ந்தவருக்குப் பழைய இடத்தில் மாதக் கடைசித் தேதியைப் போட்டுவிட்டால், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலையா என்ற கேள்வி எழும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றச் சொல்லி மனுப் போட வேண்டும்.

மாற்றம் முடிந்ததும் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால் பென்ஷன் பத்தியில் பூஜ்யம் தெரியும். பணம் போய்விட்டதென்று பதறிவிடுகிறார்கள். பென்ஷன் பங்கு பணமாக மாறி வராது. பணிக்காலம் மட்டுமே வரும். அது ‘அனெக்சர் கே’ என்ற தாளில் இருக்கும். ஆண்டுக்கணக்கு சரியாக இருக்கிறதா என்று அதில்தான் பார்க்க வேண்டும். இடையில் அவசரப்பட்டு 10சி படிவம் கொடுத்துப் பென்ஷன் தொகையையும் எடுத்துவிட்டவர்களுக்கு அந்த ஆண்டுகள் திரும்ப வராது. கல்யாணச் செலவுக்கென்று இப்படி எடுத்தவர்கள் நிறைய. கையெழுத்துப் போடும் முன் ஒருவராவது அவர்களுக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

பிறந்த தேதி இன்னொரு வம்பு. பள்ளியில் சேர்க்க ஜூனில் ஐந்து வயது நிறைய வேண்டும் என்று வாத்தியார் போட்ட மே மாதத் தேதி ஒன்று, ஆதாரில் வெறும் வயதைச் சொன்னதால் ஏறிய வருடம் ஒன்று. 58 எப்போது முடிகிறது என்பதையே இது மாற்றிவிடும்.

இத்தனையையும் வேலைக்குச் சேரும் அன்றே பத்து நிமிடத்தில் தவிர்க்கலாம். ஆதாரைக் கையில் வாங்கி, எழுத்தெழுத்தாக, இடைவெளி உட்பட அப்படியே பார்த்து ஏற்ற வேண்டும். ‘இதுக்கு முன்னாடி எங்கயாவது பி.எஃப். பிடிச்சாங்களாம்மா?’ என்று கேட்க வேண்டும். பழைய வேலையைச் சொன்னால் சேர்க்க மாட்டார்கள் என்று பயந்து பலர் இல்லை என்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி இன்னொரு முறை கேட்க வேண்டும். செல்போன் எண் அவருடையதாகவே இருக்க வேண்டும். வேலைக்கு அழைத்துவந்த ஏஜென்டின் எண்ணைப் போட்டால், ஓ.டி.பி. எல்லாம் காலம் முழுக்க அந்த ஏஜென்டுக்குத்தான் போகும். ஏற்றியதை பிரின்ட் எடுத்து வாய்விட்டுப் படித்துக் காட்டி, ஒரு நகலை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.