பத்து மாத்திரை

"சீட்டு இல்லாம தர முடியாதுங்க பாட்டி." ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை சொல்கிற வாக்கியம். அன்று சனிக்கிழமை சாயங்காலமும் அதைத்தான் சொன்னேன். மெடிக்கல் கவுன்ட்டரில் நின்று பதினோரு வருடம் ஆகிறது. அந்த ஒரு தடவை மட்டும் இன்னும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காலி அட்டையை எடுத்து வைத்தார். பத்துக் குழியும் பிதுங்கிக் கசங்கியிருந்தது. டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு, அரை மில்லிகிராம். "இதே மாதிரி பத்து குடு கண்ணு, முட்டி வலிக்கு." முகம் உருண்டையாக உப்பியிருந்தது. கை மட்டும் மெலிந்து, வளையல் இடிக்கிற இடத்தில் ஊதா நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது. தோல் காகிதம் போல இருந்தது. ஸ்டீராய்டை நாள்கணக்கில் சாப்பிட்டவர் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் மறுத்தேன்.

"இது நல்ல மாத்திரை இல்லைங்க பாட்டி. சுகர் ஏறும், எலும்பு தேஞ்சு போகும், கண்ணுல புரை வரும். திங்கட்கிழமை பெரியாஸ்பத்திரி ஓபிக்குப் போய்க் காட்டுங்க."

"அது இல்லீன்னா எந்திரிக்க முடியாது கண்ணு."

இதுதான் அவர் சொன்னது. பாராசிட்டமால் ஒரு அட்டை கொடுத்து அனுப்பினேன். எந்திரிக்க முடியாது என்றதை மூட்டு வலி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அவர் மகன் வந்தார். சீட்டை நீட்டியபடியே சொன்னார்: ஞாயிறு ராத்திரியிலிருந்து வாந்தி, திங்கட்கிழமை படுத்த படுக்கை, செவ்வாய் விடியற்காலை மயக்கம். ஆஸ்பத்திரியில் பிரஷர் இறங்கிப்போய், உப்புச் சத்து குறைந்துவிட்டது என்றார்களாம். குளுக்கோஸ் பாட்டிலும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியும் போட்ட பிறகுதான் கண் திறந்தாராம். "ரெண்டு வருஷமா காலைல ரெண்டு, ராத்திரி ஒண்ணு போட்டுட்டு இருந்திருக்குதுங்க. தீர்ந்து போச்சாமா."

தினமும் மூன்று. ஒன்றரை மில்லிகிராம். பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டின் கணக்கில் பத்து மில்லிகிராம். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பி ஒரு நாளைக்குச் சுரக்கிற கார்ட்டிசோல், அதாவது உடம்பே தயாரிக்கிற ஸ்டீராய்டு, ஏறக்குறைய ஐந்து மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். வெளியிலிருந்து அதைப்போல இரண்டு மடங்கு போய்க்கொண்டே இருந்தால் சுரப்பி வேலையை நிறுத்திவிடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பில் இரண்டுமே இருக்காது. சில வாரங்களுக்கு மேல் சாப்பிட்டவருக்குப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்பது பி.ஃபார்மில் படித்ததுதான், பரீட்சையில் எழுதியதுதான்.

நான் செய்தது தப்பா? ஷெட்யூல் ஹெச் மருந்து. சீட்டு இல்லாமல் கொடுத்தால் சட்டப்படி குற்றம். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு களிம்பு பூசிப் பூசி உடம்பெல்லாம் பரவவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வெள்ளையாக வேண்டும் என்று பூசி முகத்தில் நரம்பு தெரிய நின்ற காலேஜ் பெண்ணைப் பார்த்திருக்கிறேன். இவர்கள் எல்லாருக்கும் ஏதோ ஒரு கடையில் யாரோ ஒருவர் "சரி" என்று எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஆளாக நான் இருக்கக் கூடாது என்று முதல் நாளே முடிவு செய்தவள். இப்போதும் அதில் மாற்றம் இல்லை.

ஆனால் பத்து மாத்திரை என்பது அவருக்கு மூன்று நாள். சனி, ஞாயிறு கடந்து திங்கட்கிழமை ஓபிக்கு நடந்து போயிருப்பார். இந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டாலும் விடை மாறுவதில்லை. அப்புறம் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்: கொடுத்திருந்தால் ஓபிக்கே போயிருக்க மாட்டார், இன்னும் இரண்டு வருடம் அதையே போட்டிருப்பார். அதுவும் உண்மையாகத்தான் இருக்கும்.

1948-இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் ஹென்ச் என்ற டாக்டர், முடக்குவாதத்தில் நடக்கவே சிரமப்பட்ட ஒரு பெண்ணுக்கு முதல்முதலாகக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாளில் அவள் எழுந்து நடந்தாள். 1950-இல் நோபல் பரிசு. அந்த மருந்தின் முதல் கதையே எழுந்து நடந்த கதைதான். கொரோனாவில் செயற்கை சுவாசத்தில் கிடந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததும் இதே டெக்ஸாதான். அதைப் போய், விஷத்தைச் சொல்கிற மாதிரி, "நல்ல மாத்திரை இல்லை" என்று அந்தப் பாட்டியிடம் சொன்னேன். எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டு, ரெண்டு வருஷம் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? கொடுத்திருப்பேனா? இன்றைக்கும் தெரியவில்லை. இன்றைக்கே காட்டுங்கள், காத்திருக்காதீர்கள் என்றாவது சொல்லி, ஒரு ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்கலாம்.

மகன் நீட்டிய சீட்டில் பிரெட்னிசோலோன் எழுதியிருந்தது. "கெடுத்ததும் இதே மருந்துங்கிறாங்க, மறுபடி இதையே எழுதியிருக்காங்க. வேணாம்னு விட்டுரட்டுங்களா?" என்றார். பதறிப்போய், விடவே கூடாது, டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், காய்ச்சல் வாந்தி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று கால் மணி நேரம் சொன்னேன். பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். சனிக்கிழமை உங்கள் அம்மா என்னிடம்தான் வந்தார் என்று மட்டும் சொல்லவில்லை.

போன மாதம் பாட்டியே வந்தார். முகம் கொஞ்சம் வடிந்திருந்தது. கவுன்ட்டருக்கு வருவதற்கு முன்பே காகிதத்தைத் தூக்கிக் காட்டினார், பஸ்ஸில் செக்கரிடம் டிக்கெட்டைக் காட்டுகிற மாதிரி.

"இப்ப சீட்டு இருக்குது கண்ணு."

எண்ணிக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு மெதுவாகப் படி இறங்கினார்.