பிக்கப்புக்குக் கூடுதல் ஸ்பிரிங் பட்டை: எடை மேடையில் தொடங்கி பிரேக் வால்வு வரை

டபுள் கேப் பிக்கப், பின்னால் நிரந்தரமாகக் கேனோப்பி (மூடிய கூடு), கருவிப் பெட்டிகள். பின்பக்கம் அமுங்கி, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஆக்சில் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பில் இடித்துக்கொண்டிருந்த வண்டிக்கு, அடுக்கு ஸ்பிரிங்கில் இன்னொரு எஃகுப் பட்டை சேர்த்த வேலை இது. ஸ்பிரிங்கைப் பலப்படுத்தினால் வண்டி நிமிரும், அவ்வளவுதான். ஆக்சில், பிரேக், டயர், சேசிஸ் என்ற அடிச்சட்டம் இவற்றின் தாங்குதிறன் ஒரு கிலோகூட ஏறாது. வண்டியின் தகட்டில் அச்சிட்ட மொத்த எடையும் பின் ஆக்சில் எடையும்தான் எல்லை.

அதனால் ஸ்பானரைத் தொடும் முன் எடை மேடை. முழு வண்டியை ஒரு முறை, பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு முறை. டயரின் பக்கவாட்டில் சுமைக் குறியீடு 112 என்றிருந்தால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும், ஜோடிக்கு 2240. பாரம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையே உள்ள தூரம்) 3 மீட்டர், பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் கொக்கியில் 150 கிலோ தொங்குகிறது என்றால், பின் ஆக்சிலில் ஏறுவது 210 கிலோ, முன்னால் குறைவது 60. கனமான பெட்டியைக் கேபின் பக்கம் தள்ளி வைப்பது காசில்லாத சஸ்பென்ஷன் வேலை.

பாரம் ஏறி இறங்கும் வண்டிக்கு ஏர் பேக் (ஸ்பிரிங்குக்குத் துணையாக ஆக்சில் மேல் வைக்கும் காற்றுப் பை) வசதி. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் குழாய் வேண்டும். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் காற்று அந்தப் பக்கம் ஓடி வண்டி மேலும் சாயும். ஆனால் பட்டை சேசிஸை முன் பிராக்கெட், பின் ஷாக்கிள் (ஆடும் இணைப்பு) என்று இரண்டு இடங்களில் தாங்குகிறது. ஏர் பேக் ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் உதைக்கிறது. பின்னால் நீண்ட தொங்கலும் பாரமும் சேர்ந்தால் சேசிஸ் அங்கேதான் மடங்கும். பாரம் நிரந்தரம் என்பதால் இங்கே பட்டையே சரி.

ஒரு பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயரும். அளவெல்லாம் ஒன்றாக இருந்தால் 7 மி.மீ. பட்டையைவிட 8 மி.மீ. பட்டை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு விறைப்பு. ‘கொஞ்சம் தடியாக இருக்கட்டும்’ என்று வாங்கினால் காலி வண்டி குதிரையாகிவிடும். குட்டைப் பட்டையும் வேண்டாம். அது முடியும் இடத்தில் மேல் பட்டைக்கு அழுத்தம் குவிந்து, விரிசல் அங்கே விழும்.

முன் சக்கரங்களுக்குக் கட்டை, சேசிஸுக்கு ஸ்டாண்ட், ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி. ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி ஆக்சிலை மெல்ல இறக்கும்போது பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், ஹேண்ட் பிரேக் கேபிள் மூன்றிலும் கண் வேண்டும். பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டைக் கழற்றும் முன் அதன் இரு பக்கமும் ஜி கிளாம்ப் போட்டு இறுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பட்டைகள் தெறித்துக் கையைப் பதம் பார்க்கும். புதுப் பட்டையை நீள வரிசைப்படி அதன் இடத்தில் செருகி, அதன் தடிமன் அளவுக்குப் பழையதைவிட நீளம் கூடிய புது சென்டர் போல்ட் போட வேண்டும். போல்ட்டின் தலை ஆக்சில் மேடையின் துளைக்குள் முழுதாக உட்கார்ந்ததா என்று பார்க்காமல், பட்டைகளை ஆக்சிலோடு கட்டும் யு போல்ட்டை இறுக்கக் கூடாது.

பழைய யு போல்ட்டைத் திரும்பப் போடவே கூடாது. அது ஒருமுறை இழுபட்டு நீண்டது, மறுமுறை அதே பிடி கிடைக்காது. பிடி தளர்ந்தால் முழு உதையும் சென்டர் போல்ட்டுக்குப் போய், அது அறுந்து ஆக்சில் நகர்ந்துவிடும். புதிதை நான்கு நட்டும் குறுக்கு வரிசையில், படிப்படியாக, தயாரிப்பாளர் சொன்ன டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) வரை. பட்டைகளுக்கு நடுவே இருக்கும் புதுப் பெயின்ட் நசுங்கிப் பிடி குறையும்; 100 கிலோமீட்டரிலும், மறுபடி 500லும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தால் நட்டு நகருவது தெரியும். பட்டையின் முனை வளையத்திலும் ஷாக்கிளிலும் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நின்று எடை ஏறிய பிறகே இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும்.

பலரும் மறப்பது பிரேக். பல பிக்கப்புகளில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி சேசிஸில் உள்ள வால்வுக்குப் போகும். பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு பாரம் என்று எண்ணி அது பின் பிரேக்குக்கு அழுத்தம் தரும். இப்போது பாரத்தோடும் வண்டி உயர்ந்தே நிற்பதால், வால்வு அதைக் காலி வண்டி என்று எடுத்துக்கொண்டு அழுத்தத்தைக் குறைக்கும். நிற்கும் தூரம் நீளும், முன் பிரேக் சூடேறும். உயர்ந்த அளவுக்கு ஏற்ப வால்வின் பிராக்கெட்டையோ கம்பியையோ நகர்த்தி, பிரஷர் கேஜ் வைத்துச் சரிபார்ப்பது கட்டாயம்.

பழைய ஷாக் அப்சார்பர் புது விறைப்பை அடக்காது, பின்பக்கம் துள்ளும். அதையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. கிளம்பும்போது வண்டியின் தரையில் அதிர்வு வந்தால் பினியன் கோணம் (சுழல் தண்டு பின் ஆக்சிலில் சேரும் கோணம்) மாறியிருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே வைக்கும் ஆப்புத் தகடு இரும்பில்தான் போட வேண்டும், அலுமினியம் விரிசல் விடும். பின்பக்கம் ஏறியதால் ஹெட்லைட் முன்பைவிடத் தாழ்ந்து அடிக்கும். வழக்கமான பாரத்தோடு நிறுத்தி ஹெட்லைட்டின் உயரத்தைச் சரிசெய்தால் வேலை முடிந்தது.