இடது கைக்கு வந்த வேலை: செபுவில் எஸ்க்ரிமா பழகும் அனுபவம்

பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் எஸ்க்ரிமா என்ற கம்புச் சண்டைக் கலையைக் கற்கப் போனால் முதல் நாளே கையில் கம்பைக் கொடுத்துவிடுகிறார்கள். நம்மூரில் சிலம்ப ஆசான்கள் பலர் காலடி தேறிய பிறகுதான் கம்பைத் தொடவிடுவார்கள். இங்கே ஆரம்பமே ஆயுதம். கம்பில் பழகிய அதே அசைவுகளைப் பின்னால் கத்திக்கும், கடைசியில் வெறுங்கைக்கும் கொண்டுபோகிறார்கள். வேலை காரணமாக இந்த ஊருக்கு வந்தவன் நான். வந்த கொஞ்ச நாளில் பிடித்துக்கொண்ட பழக்கம், இன்றுவரை விடவில்லை. இதுவரை என்ன கைவந்திருக்கிறது, எது இன்னும் வரவில்லை என்று எழுதி வைக்கிறேன்.

கம்பு என்றால் பிரம்பு. பெரும்பாலும் 28 அங்குல நீளம், ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான பருமன். செபுவானோ மொழியில் ஓலிசி என்பார்கள். மூங்கில் உள்ளே கூடு, அடிபட்டால் பிளந்து கூராக நிற்கும். பிரம்பு உள்ளே கெட்டியானது, முழுக்க நார். அடி வாங்க வாங்க நார் பிரிந்து நைந்துபோகும், சட்டென்று ஒடிந்து முகத்தில் தெறிக்காது. நல்ல கம்பு மோதினால் சத்தம் கணீரென்று வரும். உள்ளே விரிசல் விழுந்துவிட்டால் சத்தம் மந்தமாகிவிடும், அதை வைத்தே கம்பை மாற்றிவிடலாம். இரண்டு பேரும் வேகமெடுத்து அடிக்கும்போது மோதிய இடத்திலிருந்து லேசாகக் கருகல் வாடை வரும். முதல் தடவை அந்த வாடை வந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கமகோங் என்ற கருமரத்தில் செய்த கம்பும் உண்டு. அது நல்ல கனம், எலும்பையே உடைத்துவிடும் என்பதால் ஜோடிப் பயிற்சிக்கு எடுப்பதில்லை. தனியாகச் சுழற்றி மணிக்கட்டை உறுதியாக்கிக்கொள்ள மட்டும்தான்.

கம்பை அடிநுனியில் பிடிக்கக் கூடாது. சுண்டுவிரலுக்குக் கீழே இரண்டு மூன்று விரல்கடை வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த மிச்சத்துக்குப் புன்யோ என்று பெயர். கிட்டே வந்தவரை இடிக்கவும், அவர் கையைக் கொக்கி போட்டு இழுக்கவும் அதுதான்.

நான் முதலில் சேர்ந்தது பேட்டையின் பொதுக் கூடைப்பந்து மைதானத்தில் ஞாயிறு காலையில் கூடும் ஒரு குழுவில். மேலே தகரக் கூரை, சுற்றிலும் சண்டைச் சேவல்களின் கூவல். அங்கே சினவாலியில் தொடங்கினோம். இரண்டு கையிலும் கம்பு, எதிரே ஜோடி, பின்னல் போடுவதுபோல் மாறி மாறி அடிக்க வேண்டும். ஆறடிச் சினவாலியைச் சொல்கிறேன், வீட்டில் செய்து பாருங்கள். வலது கம்பு வலது தோள்மேல், இடது கம்பு வலது அக்குளுக்குக் கீழே. முதலில் வலது கை வெளியிலிருந்து உள்ளே அடிக்கும். அடுத்து இடது கை அக்குளிலிருந்து புறப்பட்டுப் புறங்கையாக அடித்து இடது தோளில் போய் நிற்கும். மூன்றாவதாக வலது கை புறங்கையாக அடித்துவிட்டு இடது அக்குளுக்குக் கீழே ஒதுங்கும். இப்போது பாருங்கள், ஆரம்பித்த நிலை அப்படியே இடவலம் மாறியிருக்கும். அங்கிருந்து இடது கையில் தொடங்கி இன்னொரு மூன்று. ஆறாவது அடியில் பழைய இடத்துக்கே வந்துவிடலாம்.

எண்ணிக்கொண்டு செய்யும்வரை இது வராது. வாயை மூடிக்கொண்டு, மூன்று மூன்றாக விழும் சத்தத்தைக் காதால் பிடித்த பிறகுதான் எனக்கு ஓடியது. வலது கைக்காரர்களின் இடது கை எவ்வளவு மந்தமானது என்பதும் இதில் தெரிந்துவிடும். பல் துலக்குவது, கதவு திறப்பது, கரண்டி பிடிப்பது எல்லாவற்றையும் கொஞ்ச காலம் இடது கைக்கு மாற்றினேன். பலன் இருந்தது.

அடிகளுக்கு எண் உண்டு. பெரும்பாலான பள்ளிகளில் பன்னிரண்டு. ஒன்று எதிராளியின் இடது நெற்றிப்பொட்டுக்கு, ஐந்து வயிற்றில் குத்து, பன்னிரண்டு உச்சந்தலைக்கு. இடையில் உள்ளவை பள்ளிக்குப் பள்ளி மாறும். கம்போ கத்தியோ கையோ, ஒன்று என்றால் அதே கோடுதான் என்பதால் கற்பவருக்குப் பாதி பாரம் குறைகிறது. பழைய டயரைக் கட்டித் தொங்கவிட்டு இந்த அடிகளைப் போட்டுப் பழகினால் தோளுக்கும் பிடிக்கும் நல்லது.

இந்தக் கலையின் வரலாறு என்று கேட்டால் எல்லோரும் மக்டன் தீவைக் காட்டுவார்கள். 1521 ஏப்ரல் 27 அன்று அந்தத் தீவின் தலைவர் லாபுலாபுவின் ஆட்கள், ஸ்பெயினுக்காகக் கப்பலோட்டி வந்த மகெல்லனைக் கொன்ற இடம். அங்கே லாபுலாபுவுக்குச் சிலை இருக்கிறது, ஏப்ரலில் அந்தச் சண்டையை நடித்துக் காட்டும் விழாவும் நடக்கிறது. மகெல்லனோடு வந்து, சண்டையை நேரில் பார்த்து எழுதிய பிகாஃபெட்டா, மூங்கில் ஈட்டியையும் காலை வெட்டிய பெரிய வாளையும் சொல்கிறார். இன்று நாங்கள் பழகும் முறையின் பெயரோ விவரமோ அதில் இல்லை. அதனால் அந்த நாளையும் இந்தக் கம்பையும் நேர்க்கோட்டில் இணைக்க எனக்கு மனம் வரவில்லை. கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய வரலாறு செபு நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. 1920-இல் லபாங்கோன் பகுதியில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1932-இல் தோசே பாரெஸ் என்ற சங்கம் வந்தது, கன்யெத்தே குடும்பத்தார் அதை வளர்த்தார்கள். 1950-களில் அதிலிருந்து பிரிந்து வெனான்சியோ பாகோன் தனிச் சங்கம் கண்டார். அவர்கள் கூடிப் பழகியது ஒரு கடிகார ரிப்பேர்க் கடையின் பின்கட்டில். கடை இருந்த தெருவின் பெயர் பாலின்தவாக், அதுவே கலைக்கும் பெயராகிவிட்டது. ஒரு நாட்டின் பெருமையாகச் சொல்லப்படும் கலை அவ்வளவு சின்ன இடத்தில் உருவானது என்பது எனக்கு மக்டன் கதையைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

பாகோன் உயரம் குறைந்த, சிறிய உடம்புக்காரர். இரட்டைக் கம்பு, கம்போடு குத்துவாள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஒற்றைக் கம்பை மட்டும் வைத்துக்கொண்டார். அப்போதுதான் இடது கை சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கும் கைதான் பாலின்தவாக்கின் உயிர்.

சினவாலி ஓரளவு கைவந்த பிறகு, அந்த முறை சொல்லித்தரும் ஒரு பெரியவரிடம் போனேன். எல்லோரும் அவரை நோங் என்றே கூப்பிடுகிறோம், இங்கே வயதில் மூத்த ஆண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வீட்டு முற்றம்தான் பள்ளி. நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும், ஆனால் இந்தக் கலைக்கு அதற்குமேல் இடம் தேவையில்லை. எதிராளிக்கும் எனக்கும் நடுவே ஒரு கை தூரம் கூட இருக்காது. அந்தத் தூரத்தில் கம்பைக் கண்ணால் பார்த்துத் தடுக்க முடியாது, பார்த்து முடிப்பதற்குள் பட்டுவிடும்.

சரி, என்னதான் நடக்கிறது? அவர் ஒன்றாம் அடி போடுகிறார், என் இடது நெற்றிப்பொட்டுக்கு. என் கம்பு செங்குத்தாகப் போய் அதைத் தாங்குகிறது. அதே நொடியில் என் இடது உள்ளங்கை அவருடைய கம்புக் கையின் மணிக்கட்டில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் போதும், பிடிக்கக் கூடாது. பிடித்தால் அவர் கையை இழுக்கும்போது என் கையும் கூடவே போய்விடும், தலை திறந்துவிடும். தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் அவர் இழுக்கிறாரா, தள்ளுகிறாரா, மேலே தூக்குகிறாரா என்பது தோல் வழியாகத் தெரிகிறது. இழுத்தால் அதன் பின்னாலேயே என் கம்பு போகும். தள்ளினால் அந்தக் கையை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு வழி பண்ணிக்கொள்வேன். என் அடி போகும்போது அவருடைய இடது கை அதைத் தட்டிவிடும், உடனே அவருடைய அடுத்த அடி வந்துவிடும். இப்படி நிற்காமல் ஓடும் கொடுக்கல் வாங்கலுக்கு அகாக் என்று பெயர். சொல்லித்தருபவர் கொடுப்பார், கற்பவர் பதில் சொல்வார். மாணவரின் தரத்துக்குத் தகுந்தபடி வேகத்தை அவர்தான் கூட்டிக் குறைப்பார்.

ஒரு மாலை நோங் என் கம்பை வாங்கி வைத்துவிட்டு, கண்ணை மூடச் சொன்னார். என் இடது கையைத் தன் மணிக்கட்டில் வைத்து, மெதுவாகக் கையை எல்லாத் திசையிலும் நகர்த்தினார். தொடுகை விட்டுப்போகாமல் கூடவே போக வேண்டும், அவ்வளவுதான். ரொம்ப நேரம் அதையே செய்தோம். அப்புறம் கண்ணைத் திறந்து கம்பை எடுத்து அகாக் ஆடியபோது, அதுவரை படபடவென்று தெரிந்த அடிகள் நிதானமாகத் தெரிந்தன. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். எனக்கு நிஜமாகவே ஒரு படி ஏறியது போலிருந்தது அன்றுதான்.

போட்டி பற்றி ஒரு வார்த்தை. 2009-இல் சட்டம் போட்டு ஆர்னிஸை நாட்டின் தேசிய விளையாட்டாகவும் தேசியத் தற்காப்புக் கலையாகவும் அறிவித்தார்கள். எஸ்க்ரிமா, ஆர்னிஸ், காலி எல்லாம் ஒரே குடும்பம், ஊருக்கு ஊர் பெயர் வேறு. 2019 தென்கிழக்காசிய விளையாட்டில் ஆர்னிஸுக்கு வைத்த 20 தங்கத்தில் 14 பிலிப்பைன்ஸுக்கே வந்தது. பள்ளிப் பிள்ளைகள் கம்பை எடுப்பதற்கு இதெல்லாம் பெரிய தூண்டுதல், மறுக்கவில்லை. ஆனால் பஞ்சு சுற்றிய கம்பு, கவசம், ஹெல்மெட் எல்லாம் வந்த பிறகு அடி வாங்கும் பயம் போய்விடுகிறது. பயம் போனதும் இரண்டு பேரும் தடுக்காமல் வேகமாக அடித்துப் புள்ளி எடுக்கப் பார்க்கிறார்கள். இடது கைக்கு அங்கே வேலையே இல்லை. பாகோன் உட்கார்ந்து செதுக்கிய பகுதி அப்படியே உதிர்ந்துபோகிறது. முற்றத்துப் பயிற்சியை யாரும் கைவிட்டுவிடக் கூடாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

இப்போது புதிதாகச் சேர்ந்த ஒரு கல்லூரிப் பையனுக்கு அகாக் கொடுக்கும் வேலையை நோங் என்னிடம் விட்டிருக்கிறார். வாங்குவதைவிடக் கொடுப்பது கஷ்டம். என் அடி அவன் தடுக்கும் எல்லைக்கு அரை விரல் மேலே இருக்க வேண்டும். அதைவிடக் கூடினால் பயந்து தோளை இறுக்கிவிடுகிறான், குறைந்தால் தூங்கிவிடுகிறான். ஒன்று, இரண்டு, பன்னிரண்டு ஆகிய அடிகளில் இந்த அளவு எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஐந்தாவதில், அந்த வயிற்றுக் குத்தில், அவன் இடது கை எந்தப் பக்கம் ஒதுக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே உணர இன்னும் வரவில்லை. இந்த மழைக்காலம் முழுக்க அதற்குத்தான்.