கண்ணைத் திற, வாயை மூடு

பாஸ்போர்ட் படத்தில் குழந்தைக்கு இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டுமாம், வாய் மூடியிருக்க வேண்டுமாம். இதை எழுதிய மகராசன் வீட்டில் தொட்டிலே கட்டியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டுத் துரைக்குக் கண் திறந்தால் வாயும் திறக்கும். வாய் மூடினால் கண்ணும் சேர்ந்து மூடிக்கொள்ளும். இரண்டுக்கும் ஒரே சுவிட்ச்.

மஸ்கட்காரர், அதாவது என் வீட்டுக்காரர், அங்கே உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு விதியாக அனுப்பிக்கொண்டிருந்தார். நாலு வயதுக்குக் கீழே என்றால் சேவை மையத்தில் படம் எடுக்க மாட்டார்கள், நாமே கொண்டுபோக வேண்டும். நாலரைக்கு மூன்றரை சென்டிமீட்டர். பின்னணி வெள்ளை. நிழல் விழக் கூடாது. பொம்மை தெரியக் கூடாது. பிடித்திருப்பவர் கை தெரியக் கூடாது. கம்ப்யூட்டரில் திருத்தக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு தம்ஸ் அப் வேறு. பெற்றதைத் தவிர மற்ற எல்லா வேலையையும் தானே பார்த்துக்கொள்வது போல ஒரு தோரணை.

இதில் ஒரே நல்ல செய்தி, எட்டு வயது ஆகாத பிள்ளைகளுக்குக் கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி. அறுபது தாண்டியவர்களுக்கும் உண்டாம். அப்பத்தாவிடம் சொன்னேன். "பல்லில்லாதவகளுக்குக் கழிவா? சரிதான், எனக்கும் ஒண்ணு எழுதிப் போடு, மாப்ளயப் பாத்துட்டு வருவோம்" என்றது.

முதலில் வீட்டிலேயே எடுத்துவிடலாம் என்றுதான் பார்த்தோம். அப்பாவின் எட்டு முழ வேட்டியைக் கட்டிலில் விரித்து, அவனைப் படுக்கப் போட்டு, நான் கட்டில் மேல் ஏறி நின்று போனைக் கவிழ்த்துப் பிடித்தேன். சிசேரியன் தையல் போட்ட வயிற்றை வைத்துக்கொண்டு கட்டில் மேல் ஏறியதை அம்மா பார்த்து ஒரு பாட்டு பாடினாள், அது தனிக்கதை. வெள்ளையைக் கண்டாலே அவனுக்கு என்ன தோன்றுமோ தெரியவில்லை, ஒவ்வொரு தடவையும் வேட்டி நனைந்தது. துவைத்துத் துவைத்து வெள்ளை வேட்டி என்று வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. அப்பா லுங்கியோடு ரேஷன் கடைக்குப் போய்வந்தார்.

ராத்திரி எங்கள் மூவர் அணியில் விஷயத்தைப் போட்டேன். ஒரே வார்டில் ஒரே வாரத்தில் பெற்ற மூன்று பேர். மேலூர்க்காரி, தேனிக்காரி, நான். குரூப்புக்குப் பேர் ராக்கோழிகள். மூன்று மணிக்கு யார் என்ன போட்டாலும் மற்ற இருவரும் முழித்திருப்பார்கள். பச்சைக்குழந்தை ஒரு நாளைக்குப் பதினாலிலிருந்து பதினேழு மணி நேரம் தூங்கும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. உண்மைதான், கூட்டிப்பார்த்தால் வரும். ஆனால் அதைச் சில்லறையாக மாற்றித்தான் கொடுப்பார்கள்.

அந்தக் குரூப்பில் நடக்கும் பேச்சை வெளியில் யாராவது படித்தால் எங்களை வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள். படித்த பெண்கள் மூன்று பேர். ஒருத்தி பேங்க், ஒருத்தி காலேஜில் கெமிஸ்ட்ரி. பேசுவதெல்லாம் ஆய். மஞ்சளா, பச்சையா, திரிதிரியா, தண்ணியா. மேலூர்க்காரி மகள் நாலு நாள் போகவில்லை என்று மூன்று பேரும் சாப்பிடாமல் கிடந்தோம். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை சில நாள் போகாமல் இருப்பது சகஜம், வயிறு கல்லாக இல்லாமல் பால் குடித்து விளையாடினால் பயப்படாதே என்று டாக்டர் சொன்னாராம். ஐந்தாம் நாள் விடிகாலை "போயிட்டா!!!" என்று செய்தி வந்தது. நான் பிஎஸ்சி பாஸ் ஆனபோதுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

என் படப் பிரச்சினைக்குத் தேனிக்காரி சொன்ன யோசனை, வயிறு முட்டக் கொடுத்து, ஏப்பம் எடுத்து, அடுத்த தூக்கத்துக்கு முன்னால் ஒரு அஞ்சு நிமிஷம் சாமியார் மாதிரி சும்மா பார்ப்பான், அப்போது எடு என்பது. அந்த அஞ்சு நிமிஷம் எனக்கும் தெரியும். அதற்குள்தான் நான் சாப்பிட வேண்டும், குளிக்க வேண்டும், தலை சீவ வேண்டும்.

சரி, சனிக்கிழமை ஸ்டூடியோவுக்கே போய்விடுவோம் என்று கிளம்பினோம். கிளம்பினோம் என்றால் சும்மாவா? சாம்பிராணி போட்டு, பவுடர் போட்டு, வசம்பு வளையல் மாட்டி, அரைஞாண் கயிற்றைச் சரிசெய்து, கடைசியில் மைக்கூட்டை எடுத்தாள் அம்மா. கன்னத்தில் பொட்டு வேண்டாம், படத்தில் விழும் என்றேன். "பொட்டு வைக்காம முச்சந்தி தாண்டிப் பிள்ளையத் தூக்கிட்டுப் போறதா?" என்று வாசலிலேயே பஞ்சாயத்து. கடைசியில் அப்பத்தாதான் தீர்ப்பு சொன்னது. உள்ளங்காலில் வை, காலைப் பாஸ்போர்ட்டில் ஒட்டப்போகிறானா என்ன. வைத்தோம். ஆட்டோவில் அந்த மை முழுக்க என் சேலையில்.

காளவாசல் தாண்டி உள்ளே ஒரு சின்ன ஸ்டூடியோ. எடுப்பவன் கல்லூரி முடித்த வயசுப் பையன், பச்சைக்குழந்தையைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது. பெரியவர் எங்கோ கல்யாணத்துக்குப் போயிருக்கிறாராம். கழுத்து இன்னும் நிற்காத பிள்ளை, உட்கார வைக்க முடியாது, கை தெரியக் கூடாது, என்ன செய்யலாம் என்று யோசித்து என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, தலையோடு வெள்ளைத் துணியைப் போர்த்தினான். துணிக்கு மேலே என் மடியில் அவன், துணிக்கு உள்ளே என் இரண்டு கை. அதாவது இந்தப் படத்தில் நான்தான் பின்னணி. பத்து மாதம் சுமந்து, தையல் போட்டு, ராத்திரி பகல் பாராமல் பால் கொடுத்ததற்குக் கிடைத்த பதவி.

உள்ளே மூச்சு முட்டியது. துணி வழியாக அவன் பிடரி கைக்குத் தெரிந்தது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அடங்கிவிடுகிற கழுத்து, வேர்த்து, பிசுபிசுவென்று, பவுடரும் பாலும் கலந்த வாடையோடு. பத்தாவது வார ஊசி போட்ட தொடை என் முழங்கை மேல் கிடந்தது. தடித்த இடம் இன்னும் சுண்டைக்காய் அளவு தட்டுப்பட்டது. அவன் திரும்புகிறானா, தூங்குகிறானா, எனக்கு எதுவும் தெரியாது. வெளியில் நடப்பதெல்லாம் எனக்கு ரேடியோ நாடகம்தான்.

"தம்பி, இங்க பாரு, இங்க பாரு." கிலுகிலுப்பை. "அக்கா, கண்ணு மூடிட்டான்." அம்மா காது மடலைத் தடவியிருப்பாள் போல, ஒரு சிணுங்கல். "அக்கா, வாயத் தெறந்துட்டான்." அப்பாவின் விசில். நாற்பது வருஷமாக அப்பா விசிலடித்து நான் கேட்டதே இல்லை, என் அப்பாவுக்கு விசில் வரும் என்பதே அன்றுதான் தெரியும். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துக்குப் படமெடுக்க வந்திருந்த ஒரு பெண் பூனை மாதிரி கத்தியது. ஜாதகத்தோடு கொடுக்கப் படம் வாங்க வந்தவரும் அவர் பங்குக்கு ஆட்டுக்குட்டி ஆனார். ஒருவரும் ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாதவர்கள். என் பிள்ளை இவ்வளவையும் கேட்டுக்கொண்டு கொட்டாவி விட்டானாம்.

அப்போதுதான் அப்பத்தா குலவை போட்டது.

அப்பத்தா குலவை என்றால் எங்கள் தெருவுக்குத் தெரியும், முளைப்பாரி ஊர்வலத்தில் மைக் செட்டைத் தோற்கடிக்கிற குலவை. அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அது எழுந்தபோது நான் துணிக்குள்ளேயே தூக்கிவாரிப்போட்டு எழப் பார்த்தேன். பிள்ளை இரண்டு கண்ணையும் உருட்டி விழித்து, வாயை இறுக மூடிக்கொண்டு, அப்படியே உறைந்துபோய்ப் பார்த்தானாம். கிளிக்.

அறையே கை தட்டியது. அதற்கப்புறம்தான் அவன் அழ ஆரம்பித்தான், வீடு வரைக்கும்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். பால் கொடுத்து அமர்த்திவிட்டு வந்து பார்க்கிறேன், கம்ப்யூட்டரில் என் பிள்ளை முகம் வெளுத்துக்கொண்டிருக்கிறது. பையன் மவுஸை இழுக்க இழுக்க நெற்றி வெளுக்கிறது, கன்னத்தில் ரோஸ் ஏறுகிறது, உதட்டில் சிவப்பு வருகிறது. புருவத்துக்கு நடுவில் இருந்த பூனை முடியெல்லாம் போயே போச்சு.

"என்னப்பா செய்யிற?"

"பிரைட் பண்றேன்க்கா. எல்லாருக்கும் பண்றதுதான்."

"அவன் கலர்லயே வையி."

"லைட்டிங்ல கொஞ்சம் டல்லா விழுந்துருச்சுக்கா."

"லைட்டிங் இல்ல தம்பி, அது நான். அவுக அப்பா. இந்தா நிக்கிற அப்பத்தா."

பையன் திரும்பி அப்பத்தாவைப் பார்த்தான். அப்பத்தா கூச்சமே இல்லாமல் முகத்தைக் காட்டியது.

இந்த நிறப் பேச்சு எங்கே தொடங்கியது என்று யோசித்தால் ஐந்தாம் மாதம். மாமியார் குங்குமப்பூ டப்பா கொண்டுவந்தார். தினம் பாலில் நாலு இழை. அதற்கும் பிள்ளை நிறத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அம்மா அப்பா ஜீன்தான் என்று டாக்டரம்மா அவர் முன்னாலேயே சொன்னார். ஆனாலும் காசு போட்டு வாங்கியது, குடித்தேன். குங்குமப்பூ எங்கே போனதோ தெரியாது, பால் மட்டும் என் இடுப்பில் நிற்கிறது. பிறந்ததும் பார்க்க வந்தவர்கள் யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே காது மடலைத் திருப்பினார்கள். பிறந்த நிறம் நிற்காது, போகப் போகத்தான் உண்மை நிறம் வரும், அதைக் காது ஓரம் காட்டிக்கொடுத்துவிடும் என்பது கணக்கு. காதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். "ஆம்பளப் பிள்ளதான, போகட்டும்" என்று ஆறுதல் சொன்னவரும் உண்டு. மேலூர்க்காரிக்குப் பெண். அவளிடம் அந்த ஆறுதலைக்கூடச் சொல்லவில்லை. கடலை மாவு, பயத்தம் மாவு, பாலேடு என்று பட்டியல் கொடுத்துவிட்டுப் போனார்கள். குளிப்பாட்டிக் குளிப்பாட்டி அந்தப் பிள்ளைக்குத் தோல் வறண்டு பொரிந்ததுதான் மிச்சம்.

என் பள்ளிக்கூடப் படத்தில் நான் எப்படி இருந்தேன் என்று எனக்கே தெரியாது, அவ்வளவு வெள்ளை. கல்யாண ஆல்பத்தில் மஸ்கட்காரர் பக்கத்தில் நிற்பது யாரோ. என்னை எல்லாம் வெளுத்து முடித்தாயிற்று, சரி. இவன் பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இவன் யார் என்று ஊருக்குச் சொல்லப்போகிற முதல் படம் இது. அஞ்சு வருஷம் அந்தப் புத்தகத்தில் இருக்கும்.

"கம்ப்யூட்டர்ல திருத்துனா ஆபீஸ்ல வாங்க மாட்டாங்க" என்று கடைசியில் மஸ்கட் விதியைத்தான் எடுத்து வீச வேண்டியதாயிற்று. நான் சொன்னால் எடுபடாத பேச்சு, ஆபீஸ் என்றதும் எடுபட்டது. பையன் பழைய படத்துக்குப் போனான். "ஒரிஜினல் கேட்டு யாருமே வந்ததில்லக்கா" என்று முனகிக்கொண்டே எட்டுப் படம் போட்டுக் கொடுத்தான். அதில் அவன் அவனாகவே இருந்தான். குலவைக்கு மிரண்ட முழி, இறுக்கிய வாய், நடுவில் புருவ முடி, எங்கள் வீட்டுக் கறுப்பு. மஸ்கட்டுக்கு அனுப்பினேன். "ஏன் இவ்வளவு கோபமா இருக்கான், உன்ன மாதிரியே" என்று பதில் வந்தது. சேர்த்து வைத்திருக்கிறேன், வரட்டும்.

காசு கொடுக்கும்போது அம்மா பையன் பக்கம் குனிந்து, எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு சொன்னாள்: "அந்த வெள்ளையா இருந்துச்சே, அதையும் ஒண்ணு பெருசாப் போட்டு வையி தம்பி. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

வாங்கியும் வந்துவிட்டாள். ஃபிரேம் போட்டு, ஹாலில் டிவிக்கு மேலே. இன்று சாயங்காலம் கொழுக்கட்டை கொடுக்க வந்த எதிர்வீட்டு அக்கா நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, "லட்சணமா இருக்கே, யாரு வீட்டுப் பிள்ள இது?" என்று கேட்டார். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவருவதற்குள், மடியில் பேரனைப் போட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அப்பத்தா நிமிர்ந்து பார்த்துச் சொன்னது:

"யாருக்குத் தெரியும்? ஸ்டூடியோக்காரன் குடுத்து விட்டான்."