ஹெல்சின்கியிலிருந்து ஆங்கரேஜுக்கு எத்தனை கடல் மைல்?

வணிக விமானி உரிமத்துக்கான நேவிகேஷன் தாளுக்கு நான் படித்துக்கொண்டிருந்தபோது, பயிற்சித் தேர்வு ஒன்றில் ஹெல்சின்கி விமான நிலையத்துக்கும் (வடக்கு 60°19′, கிழக்கு 24°58′) அலாஸ்காவின் ஆங்கரேஜ் விமான நிலையத்துக்கும் (வடக்கு 61°10′, மேற்கு 149°59′) இடையேயான பெருவட்டத் தொலைவை, அதாவது புவிப்பரப்பின் மேல் மிகக் குறுகிய வழியின் நீளத்தை, கடல் மைலில் கேட்டிருந்தார்கள். கொடுக்கப்பட்ட விடைகள் 3,083, 3,507, 5,130, 6,495 ஆகிய நான்கு. நான் கணக்கிட்டபோது 3,083 வந்தது. தெரிவுகளிலும் அதே எண் இருந்ததால் சற்றும் தயங்காமல் குறித்தேன். சரியான விடை 3,507.

சூத்திரம் எனக்கு மனப்பாடம்தான். இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கி, அதனுடன் அவற்றின் கோசைன் மதிப்புகளையும் தீர்க்கரேகை வேறுபாட்டின் கோசைனையும் பெருக்கி வந்ததைக் கூட்டினால், புவி மையத்தில் அமையும் இடைக்கோணத்தின் கோசைன் கிடைக்கும். ஒரு பாகைக்கு 60 கடல் மைல் என்பதால், பாகையில் உள்ள அக்கோணத்தை 60-ஆல் பெருக்கினால் கடல் மைல். நான் சறுக்கியது தீர்க்கரேகையில். ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் இரண்டையும் கூட்டி 174°57′ என்று எடுத்திருக்க வேண்டும். (கூட்டுத்தொகை 180 பாகையைத் தாண்டினால் 360-இலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.) நானோ பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 125°01′ என்று வைத்துக்கொண்டேன்.

இப்போது சூத்திரத்தைத் தொடும் முன்பே, வட துருவத்தை நடுவில் புள்ளியாக வைத்து ஒரு வட்டம் வரைந்து, இரு தீர்க்கரேகைகளையும் கோடுகளாக இழுத்துவிடுகிறேன். வரைந்து பார்த்தால் இரு நகரங்களும் துருவத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில், கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் விழுவது தெரியும். துருவம் 90 பாகையில் இருப்பதால் அதிலிருந்து அட்சரேகையைக் கழித்தால், ஹெல்சின்கியிலிருந்து துருவத்துக்கு 29°41′, துருவத்திலிருந்து ஆங்கரேஜுக்கு 28°50′. மொத்தம் 58°31′, அதாவது 3,511 கடல் மைல். நேர்கோட்டிலிருந்து ஐந்து பாகையே விலகல் என்பதால் உண்மையான விடை இதைவிடச் சற்றே குறையலாம், நானூறு மைல் குறைய வழியே இல்லை. கால்குலேட்டர் பாகைக்குப் பதில் ரேடியன் என்ற வேறு கோண அலகில் கிடந்து தவறான விடை தந்தாலும் இந்த ஒரு வரிக் கூட்டல் காட்டிக்கொடுத்துவிடும்.

மற்ற இரு தெரிவுகளும் வேண்டுமென்றே வைத்த பொறிகள். 5,130 என்பது சராசரி அட்சரேகை வழியாகக் கிழக்கு மேற்காகவே பறந்தால் வரும் தொலைவு. தட்டையான வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதுதான் நேர்வழியாகத் தெரியும். 6,495 என்பது சரியான விடையை 1.852-ஆல் பெருக்கிய கிலோமீட்டர் கணக்கு. கேள்வியின் கடைசிச் சொல்லைப் படிக்காதவர்கள் அதில் விழுவார்கள்.

துருவப் பக்கம் புவி சற்றுத் தட்டையாக இருப்பதால் அங்கே ஒரு பாகையின் நீளம் கொஞ்சம் கூடுதல். நுட்பமாக அளந்தால் இத்தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அதிகமாக வரும். தேர்வுத்தாளில் புவியைக் கோளமாகவே கொள்ளச் சொல்வதால், அந்த வேறுபாட்டை அங்கே கொண்டுபோக வேண்டியதில்லை.